கேப்டன் தாமஸின் உயில்

ஆஸ்திரேலியாவில் கால் வைத்த நாளிலிருந்து எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பெயர் சுந்தரம். அப்பா பெயர் குப்புசாமி. பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கின்றன. சிட்னி விமான நிலைய அதிகாரியிலிருந்து நான் தங்கிய விடுதியின் சொந்தக்காரி வரை எல்லோரும் சுந்தரத்தை விட்டுவிட்டுக் குப்புசாமியைப் பிடித்துக்கொண்டார்கள். சில நாளில் அது ‘கப்பு’ ஆகிவிட்டது. என் அம்மா சாகும்வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே ஒரு பெண்மணி, காலையில் முட்டை வேண்டுமா என்று கேட்பதற்காக மாடிப்படிக்குக் கீழே நின்று “கப்பு, கப்பு” என்று கத்துகிறாள்.

விளக்கிப் பார்த்தேன். எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் பெயர், என்னைச் சுந்தரம் என்றே கூப்பிடலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். “சரி, கப்பு” என்றாள்.

என்னை அனுப்பியது பெங்களூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை. புதிதாக வாங்கப்போகும் ஒரு இயந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு வரவேண்டும். சிட்னியில் இரண்டு வாரம், மெல்போர்னில் ஒரு வாரம். எழுபதுகளின் நடுவில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த இயந்திரத்தின் கதை இங்கே வேண்டாம். அதைவிடச் சிக்கலான வேலை ஒன்றை என் மாமனார் என் தலையில் கட்டி அனுப்பியிருந்தார்.

மாமாவின் பெயர் டி. ஜோசப். கோலார் தங்க வயலில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இன்ஜினை ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், பூனைக் கண். அவருடைய அப்பா வெள்ளைக்காரர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்க வேலை பார்த்த அந்த ஊர்க்காரர்கள்தான் கோலாருக்கும் வந்தார்கள். சுரங்கத்தில் மேற்பார்வை பார்க்கிறவரை அவர்கள் கேப்டன் என்பார்கள். மாமாவின் அப்பா கேப்டன் தாமஸ். அவருடைய பங்களாவில் வேலை பார்த்த பொன்னம்மாதான் மாமாவின் அம்மா.

மாமா கைக்குழந்தையாக இருந்தபோது, ஆஸ்திரேலியாவில் புதுச் சுரங்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கேப்டன் கப்பல் ஏறினார். அதோடு சரி. கேப்டன் போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று தொழிலாளர் குடியிருப்பில் சொல்லிச் சொல்லியே மாமாவை வளர்த்தார்கள். போன வருஷம் அவருக்கு மார்வலி வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் இந்தப் பேச்சையே எடுத்தார்.

“எனக்கு அவரு சொத்துல பங்கு வேணாம் மாப்ள” என்றார். “வெள்ளைக்காரன் சாவறதுக்கு முன்னாடி உயில் எழுதிடுவான். யார் யாரை நெனச்சான்னு அதுல பேரு போட்டு வச்சிருப்பான். எங்கம்மா பேரு இருக்கா, என் பேரு இருக்கா, அதை மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“இல்லேன்னா என்ன மாமா பண்றது?”

“இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. இத்தினி வருசம் அப்படித்தானே இருக்கேன்.”

என் கையில் இருந்த ஆதாரம், தங்க வயல் கோவிலில் மாமாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்கான சான்று மட்டும்தான். தாய், பொன்னம்மா. தகப்பன், தாமஸ். வேறு ஒன்றும் இல்லை.

சிட்னியில் பழைய உயில்களை வைத்திருக்கும் அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். எனக்குப் பயிற்சி முடிவது மூன்றுக்கு. நடுவில் ரயில். கதவு திறந்தபடியே ஓடும் சிவப்பு ரயிலில் தொங்கிக்கொண்டு போனால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் நாளே ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். நம் ஊரிலாவது கொடி பிடிப்பார்கள், கோஷம் போடுவார்கள், பார்க்கவாவது ஏதாவது இருக்கும். இங்கே ஸ்டேஷன் வாசலில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் போய்ச் சேர்ந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடிக்கவில்லை.

“குடும்பப் பெயர்?”

“தாமஸ்.”

“சொந்தப் பெயர்?”

“தெரியாது.”

“எந்த வருஷம் இறந்தார்?”

“தெரியாது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கார்ன்வால்காரர்களில் தாமஸ் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள், மிஸ்டர் கப்பு” என்றார். பிறகு ஒரு பெட்டி நிறைய மைக்ரோபிலிம் சுருள்களைக் கொண்டுவந்து வைத்தார்.

மைக்ரோபிலிம் பார்க்கும் கருவிக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றச் சுற்ற, வெளிச்சத்தில் பெயர்கள் ஓடும். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து மலையேறியதுபோல வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. தாமஸ், தாமஸ், தாமஸ். ரொட்டிக் கடைக்காரர், செருப்புத் தைத்தவர், பாதிரியார். ஒரு வாரம் இப்படிச் சுற்றிய பிறகு ‘கேப்டன்’ என்று போட்ட ஒரு தாமஸ் கிடைத்தார்.

அந்த உயிலில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை பால்மெய்ன் என்ற பகுதிக்குப் போனேன். பனியன் போட்ட ஒரு தடியர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கேப்டனின் பேரனாம். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. வீட்டில் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“உன் மாமனாருக்கு என்னதான் வேண்டும்?”

“ஒன்றும் வேண்டாம். அவர் பெயர் உயிலில் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.”

“அதற்காக இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவாரா?” என்று கேட்டுவிட்டு, பிறகு பாவம் பார்த்து ஒரு பீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தாத்தா துறைமுகத்தில் படகு ஓட்டிய கேப்டனாம். அந்தத் துறைமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனதே கிடையாதாம். போனால் வாந்தி வருமாம்.

பசியோடு திரும்பினால் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இந்த நாட்டில் ஒரு வாழைப்பழம் வாங்க முடியாது. திறந்திருந்த ஒரே இடத்தில் மாட்டுக்கறி அடைத்த பை என்ற பண்டம் விற்றார்கள். நான் ரொட்டியும் தக்காளி சாஸும் கேட்டேன். தக்காளி சாஸ் ரொட்டிக்கு வராது, பைக்குத்தான் வரும் என்றான் கடைக்காரன். வெறும் ரொட்டியைத் தின்றேன். அன்று என் மாமனாரின் மேல் எனக்கு இருந்த கோபத்தை ஸ்டெல்லாவிடம் இன்று வரை சொல்லவில்லை. ஸ்டெல்லா என் மனைவி.

மெல்போர்னில் குளிர் வேறு சேர்ந்துகொண்டது. அங்கே எனக்குக் கிடைத்த புண்ணியவான் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், மின்சாரத் துறையில் இன்ஜினியர், என் அலுவலக நண்பர் ஒருவருக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். டிராமில் ஏறி உட்கார்ந்தால், தோல்பை மாட்டிய கண்டக்டர் நடுவழியில் வந்து, வண்டி இதற்கு மேல் போகாது, ஷெட்டுக்குப் போகிறது என்று இறக்கிவிட்டார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். முன்னால் எழுதியிருக்கிறதே என்றார்.

மீதி தூரம் நடந்தேன். அந்தத் தெருக்களில் வீட்டு எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். பழைய வீடுகள் பலவற்றில் எண் மூலையில் சிறிதாக ஒளிந்திருக்கிறது. வாசலுக்கு மேல் கண்ணாடியிலோ மரத்திலோ பெரிதாக ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். யாரோ எந்தக் காலத்திலோ விட்டுவிட்டு வந்த ஊரின் பெயர். தபால்காரர் எப்படிப் பிழைக்கிறாரோ தெரியவில்லை.

“உள்ள வாங்கோ, கதிரையில இருங்கோ” என்று நாற்காலியைக் காட்டினார் கனகசபை. அவர் மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைத்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுக் கதையைச் சொன்னேன்.

“உந்த விசர் வேலைக்கு உங்களை ஆர் அனுப்பினது?” என்றார் கனகசபை. விசர் என்றால் அவர் ஊரில் பைத்தியம். பிறகு யோசித்தார். “பொறுங்கோ. என்னோட வேலை செய்யிற ஒராள் கார்ன்வால் பரம்பரை. அவையள் மாசத்தில ஒருக்கா ஒரு சேர்ச் ஹோல்ல கூடுறவை. பழைய பதிவெல்லாம் வச்சிருக்கினமாம். நாளண்டைக்குப் பின்னேரம் எண்டு சொன்னவன். நான் கூட்டிக்கொண்டு போறன்.”

செவ்வாய்க்கிழமை மாலை அந்தத் தேவாலய ஹாலில் நடுத்தர வயதைத் தாண்டிய பலர் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தார்கள். பார்ப்பதற்குப் பெரிய சோமாசி. ஓரத்தை முறுக்கி மடித்திருந்ததுகூட அப்படியே. உள்ளே மாட்டுக்கறி. வேண்டாம் என்றதும், ரோஸ்வார்ன் என்ற ஒரு அம்மாள் உருளைக்கிழங்கு மட்டும் வைத்த ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார். உப்பு மட்டும்தான், காரம் இல்லை. இந்த ருசியோடு இவர்கள் எப்படிக் கோலாரில் காலம் தள்ளினார்கள் என்று தோன்றியது.

மிஸஸ் ரோஸ்வார்ன்தான் பதிவுகளுக்குப் பொறுப்பு. கார்ன்வாலின் ஒவ்வொரு தேவாலயத்திலும் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் யாரோ பொறுமைசாலிகள் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். நான் பழகிப்போன குரலில், “குடும்பப் பெயர் தாமஸ், சொந்தப் பெயர் தெரியாது” என்று ஆரம்பித்தேன்.

“அவரைக் கேப்டன் தாமஸ் என்று கூப்பிட்டது யார்?”

“சுரங்கத்தில் எல்லோரும்.”

“அப்படியானால் தாமஸ் அவருடைய சொந்தப் பெயர்” என்றார். “எங்கள் சுரங்கங்களில் கேப்டனைக் குடும்பப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். என் அப்பா கேப்டன் ஹாரி. அவர் செத்து, கல்லறையில் எழுதிய பிறகுதான் பலருக்கு அவர் குடும்பப் பெயர் தெரிந்தது.”

எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. என் சொந்தப் பெயரை விட்டுவிட்டு அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள் என்று நாடு முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தவன் நான். ஞானஸ்நானச் சான்றை எழுதிய தங்க வயல் கோவில் குமாஸ்தா நம் ஆள். அப்பா பெயர் என்ன என்று கேட்டு, நம் வழக்கப்படி அந்த ஒரு பெயரை எழுதியிருக்கிறார். மாமாவும் நம் வழக்கப்படி அதன் ஆங்கில முதலெழுத்தான டி-யைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கு. சுந்தரம் மாதிரி டி. ஜோசப். இது தெரியாமல் நான் சிட்னியில் இருந்த ரொட்டிக் கடைக்காரர், செருப்புத் தைத்தவர் உயிலையெல்லாம் படித்திருக்கிறேன்.

மிஸஸ் ரோஸ்வார்ன் எழுந்து கைதட்டினார். “இந்தியாவில் இருந்த கேப்டன் தாமஸ், அதாவது டாம், யாருக்காவது தெரியுமா?”

வாய் நிறையப் பண்டத்தோடு இருந்த ஒரு கிழவர் கையைத் தூக்கினார். விழுங்கிவிட்டுச் சொன்னார். “டாம் நான்கிவெல். மலேரியா வந்தவர். நல்ல வெயிலில் கம்பளிக் கோட்டோடு நடுங்கிக்கொண்டு போவார். இங்கே நார்த்கோட்டில்தான் வீடு.”

தேவாலயப் பதிவில் அவருடைய ஞானஸ்நானம் இருந்தது. மறுநாளே மெல்போர்ன் உயில் அலுவலகத்துக்குப் போனேன். குடும்பப் பெயர் தெரிந்தால் எல்லாம் எவ்வளவு சுலபம். கால் மணி நேரத்தில் உயில் என் கைக்கு வந்துவிட்டது. ஒரே பக்கம்.

வீடு மனைவிக்கு, அவளுக்குப் பிறகு மகள் எடித்துக்கு. தேவாலயத்துக்குக் கொஞ்சம் பணம். கைக்கடிகாரம் அண்ணன் மகனுக்கு. நல்ல கம்பளிக் கோட்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு. அவ்வளவுதான். மறுபடி படித்தேன். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். பொன்னம்மா இல்லை, ஜோசப் இல்லை, இந்தியா என்ற சொல்லே இல்லை. கோட்டுக்கு இடம் இருந்த காகிதத்தில் பெற்ற பிள்ளைக்கு இடம் இல்லை. மாமா என்னவோ இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். சொல்லப்போகிறவன் நான். அந்த அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, செத்துப்போன அந்த மனிதரைத் தமிழில் நன்றாகத் திட்டினேன்.

கனகசபையிடம் சொன்னேன். “வீட்டு விலாசம் அதில கிடக்குதெல்லே?” என்றார். “வாங்கோ, போய்ப் பாத்திட்டு வருவம். ஒரு படமாவது எடுத்துக்கொண்டு போங்கோ. வெறுங்கையோட போய் என்னெண்டு மூஞ்சியில முழிப்பியள்?”

எனக்கு அந்த வீட்டைப் பார்க்கும் ஆசையே போய்விட்டது. அவருக்காகத்தான் காரில் ஏறினேன். வழக்கம்போல எண்ணைத் தேடிக்கொண்டு தெருவில் மெதுவாகப் போனோம். கனகசபை திடீரென்று காரை நிறுத்தினார். கையைக் காட்டினார்.

சின்னச் செங்கல் வீடு. வாசல் கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி. நீலக் கண்ணாடிக்கு நடுவில், மஞ்சள் கண்ணாடி வெட்டிப் பதித்த ஆங்கில எழுத்துகள். பொன்னம்மா.

இறங்கி, வாசலுக்கு எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. உயரமான ஒரு பெண்மணி, வயது அறுபதுக்கு மேல் இருக்கும். என் மாமனாரின் பூனைக் கண் அப்படியே அவர் முகத்தில் இருந்தது. மிஸ் எடித் நான்கிவெல். நான் இந்தியாவில் கோலார் என்ற ஊரிலிருந்து வருகிறேன் என்றேன். அது பாதிப் பொய், நான் பெங்களூர்.

“அப்பா அங்கே இருந்தார்” என்றார். “அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நின்றீர்களா? எல்லோரும் கேட்பார்கள். தங்கச் சுரங்கத்தின் பெயர் என்று அம்மா சொல்வாள். உங்களுக்குத் தெரியுமா?”

கனகசபை என்னைப் பார்த்தார். சுரங்கம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மாமாவின் முகம் ஞாபகம் வந்தது.

“அது ஒரு பெண்ணின் பெயர்” என்றேன்.

அவர் வெளியே வந்து, திரும்பி நின்று, அண்ணாந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்.

“இந்தக் கண்ணாடியை மாற்றச் சொல்லி அம்மா ஒருமுறை சண்டை போட்டாள். அப்பா எதற்கும் எதிர்த்துப் பேசாதவர். இதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். அதற்குப் பிறகு அம்மா இந்த வாசலில் போனதே இல்லை. சாகும்வரை பின்பக்கக் கதவுதான்.” பார்வையை என் பக்கம் திருப்பினார். “ஒரு சுரங்கத்தின் மேல் யாருக்கும் அவ்வளவு கோபம் வராது என்று நானும் நினைத்ததுண்டு.”

பொன்னம்மா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, மகன் இருக்கிறார், ஜோசப், என் மாமனார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், என் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அழவில்லை. கோபப்படவும் இல்லை. புறப்படும்போது கனகசபை கேமராவை எடுத்தார். கதவும் மேலே இருந்த பெயரும் சேர்ந்து படத்தில் விழவேண்டும் என்று கதவைச் சாத்தச் சொன்னார்.

“நானும் நிற்கட்டுமா?” என்று கேட்டார் மிஸ் நான்கிவெல்.

பெங்களூர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் தங்க வயலுக்குப் போனோம். மாமா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். வீடு போய்ச் சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், “உயில்ல?” என்றார்.

“இல்ல மாமா.”

“சரி” என்றார்.

படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாசலுக்கு மேல், வீட்டுக்குள் போகிறவர்கள் அதற்குக் கீழேதான் போகவேண்டும் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

“கண்ணாடில பேரு எழுதி மாட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு காயிதம் எழுதத் தெரியலியா? எங்கம்மா சாவற வரைக்கும் தபால்காரனைப் பாத்துக்கினே இருந்துச்சே.”

காகிதம் எழுதாதது நான்தான் என்பதுபோல ஸ்டெல்லா என்னை முறைத்தாள். சிட்னி, மெல்போர்ன், மைக்ரோபிலிம், ஷெட்டுக்குப் போன டிராம், வெறும் ரொட்டி எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். மாமா அதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா காபி கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படத்தை மறுபடி வெளியே எடுத்தார்.

“கதவாண்ட நிக்குதே, அது யாரு?”

“அவரோட பொண்ணு மாமா. அங்க போனப்புறம் பொறந்தவங்க.”

“பேரு?”

“எடித் நான்கிவெல்.”

மாமா அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டினார்.

“அந்தப் பின்னாடிப் பேரெல்லாம் நமக்கு எதுக்கு மாப்ள?” என்றார். “டி. எடித்.”